சைக்கிள் சக்கரமும் பிரேக்கும்: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பால் கேன் கட்டிய பழைய 28 இன்ச் வண்டி, பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள், ஓசூர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பும் கியர் வண்டி. நம் பக்கத்துச் சாலைகளில் மூன்றும் சேர்ந்தே ஓடுகின்றன, அதனால் கேள்விகளும் கலந்துதான் வருகின்றன. ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். டிஸ்க் இல்லாத சைக்கிளில் பிரேக் கட்டை பிடிப்பது ரிம்மை, அதாவது டயர் உட்காரும் உலோக வளையத்தை. ரிம் சரியில்லாவிட்டால் எந்தக் கட்டை போட்டும் பயனில்லை. அதனால் "பிரேக் சரியில்லை" என்று யார் வந்தாலும் நான் முதலில் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுப் பார்ப்பேன். வயரில் கை வைப்பது அதற்கு அப்புறம்.

பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

சக்கரம் போர்க்கில், அதாவது அதைத் தாங்கும் கவையில், நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆக்ஸில் (சக்கரத்தின் நடு அச்சு) ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கி இருந்தால் ரிம் சாய்ந்து நிற்கும், ஒரு கட்டை மட்டும் உரசும். நட்டைத் தளர்த்தி, சைக்கிளின் எடை சக்கரத்தின் மேல் இறங்கும்படி நிறுத்திவைத்து மறுபடி இறுக்கினால் பாதிப் புகார்கள் அங்கேயே முடிந்துவிடும். அடுத்து டயரைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் ஹப்பில், அதாவது அச்சைச் சுற்றி இருக்கும் நடுக்குடத்தில், லூஸ் இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம்மின் ஓட்டத்தைக் கவனியுங்கள். இந்த மூன்றும் சரியாக இருந்தால்தான் கட்டை, வயர், லிவர் பக்கம் போக வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். ரிம் ஆடுகிறது என்று வயரை லூஸ் விடுவார்கள், உரசல் நிற்கும், கூடவே பிரேக்கும் போய்விடும்.

சக்கரம் சுற்றும்போது ஒரே இடத்தில் மட்டும் கட்டை உரசுகிறது. கடைக்குப் போகாமல் கோட்டம் எடுக்க, அதாவது ரிம்மை நேராக்க, முடியுமா?

லேசான கோட்டம் என்றால் முடியும். அதற்கு நிப்பிளை, அதாவது சக்கரக் கம்பியை ரிம்மில் பிடிக்கும் சின்ன நட்டை, திருகும் சாவி ஒன்று வேண்டும், பொறுமை நிறைய வேண்டும்.

சைக்கிளைக் கவிழ்த்து வையுங்கள். சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, ரிம் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பாருங்கள். பிரேக் கட்டையையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். கட்டை இல்லாத பக்கம் என்றால் போர்க்கில் ஒரு குச்சியைக் கட்டி, அதன் முனை ரிம்மை ஒட்டி நிற்கும்படி செய்யலாம். தள்ளும் இடத்தில் ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள்.

ரிம் வலப்பக்கம் தள்ளினால், அந்த இடத்தில் ஹப்பின் இடப்பக்கத்திலிருந்து வரும் கம்பிகளை இறுக்க வேண்டும், வலப்பக்கத்துக் கம்பிகளை அதே அளவு தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான். கால் சுற்று திருகி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, மறுபடி கால் சுற்று. எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்பதில் எல்லோருக்கும் குழப்பம் வரும். டயரின் வெளிப்பக்கத்திலிருந்து ஹப்பை நோக்கிப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பார்வையில் கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால் இறுகும். ரிம்மை மேலிருந்து பார்க்காமல் ஹப் பக்கமிருந்து பார்த்தால் திசை மாறித் தெரியும், அங்கேதான் எல்லோரும் தடுமாறுவது.

நிப்பிள் துருப்பிடித்து நகரவில்லை என்றால் பலம் போட்டுத் திருகாதீர்கள். முனை மழுங்கிவிடும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். கம்பிகளை விரலால் சுண்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சத்தம் கொடுக்க வேண்டும். "டொக்" என்று செத்த சத்தம் வந்தால் அது லூஸ் கம்பி. கியர் வண்டியின் பின் சக்கரத்தில் மட்டும் பல்சக்கரம் இருக்கும் பக்கத்துக் கம்பிகள் மறுபக்கத்தைவிட இறுக்கமாக இருக்கும். அது கோளாறு இல்லை, சக்கரம் நடுவில் நிற்க அப்படித்தான் கட்டுவார்கள்.

சரி, எது வீட்டில் முடியாது? பள்ளத்தில் இடித்து ரிம் உள்வாங்கியிருந்தால், அல்லது சக்கரம் எட்டு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தால், கம்பியை இறுக்கி அதை நிமிர்த்த முடியாது. அப்படி நிமிர்த்திக் கொடுத்த சக்கரம் அடுத்த மாதமே திரும்ப வரும். ரிம்மை மாற்றுவதுதான் வழி.

பின் சக்கரத்தில் மட்டும் கம்பி அடிக்கடி உடைகிறது. மட்டமான கம்பியா?

கம்பியைக் குறை சொல்வதற்கு முன்னால் எங்கே உடைந்தது என்று பாருங்கள். ஹப் ஓட்டைக்குள் வளைந்து போகும் கழுத்தில் உடைந்திருந்தால் அது களைப்பினால் வரும் முறிவு. சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் கம்பி தளர்ந்து இறுகுகிறது. கம்பி லூஸாக இருந்தால் இந்த ஆட்டம் அதிகமாகி, கழுத்தில் விரிசல் விழுகிறது. அதிகம் இறுக்கியதால் உடையும் கம்பியைவிட, லூஸாக விட்டதால் உடையும் கம்பிதான் அதிகம். இதை நம்பவைப்பதுதான் கஷ்டம்.

பாலக்கோடு பக்கம் கேரியரில் தக்காளிப் பெட்டி கட்டுகிறவர்களுக்கும் பால்காரர்களுக்கும் இது தீராத தொல்லை. பழைய 28 இன்ச் வண்டியில் முன்னால் 32, பின்னால் 40 கம்பி வைத்ததே பின்னால் பாரம் ஏறும் என்றுதான். ஒன்று உடைந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். அந்தப் பாரத்தைப் பக்கத்துக் கம்பிகள் சுமக்கும், அப்புறம் அவையும் வரிசையாகப் போகும். ஒரே சக்கரத்தில் மூன்று நான்கு போய்விட்டால் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். மீதியும் அதே வயசுதான், மொத்தமாகக் கட்டிவிடுங்கள்.

புது சைக்கிளுக்கும் இது பொருந்தும். ஓட்ட ஆரம்பித்த முதல் சில வாரங்களில் கம்பிகள் தங்கள் இடத்தில் உட்கார்ந்து கொஞ்சம் தளரும். பள்ளியில் கொடுத்த சைக்கிளை வாங்கி வந்த கையோடு எல்லா நட்டும் இறுக்கி, ஒரு மாதம் கழித்துக் கம்பிகளை ஒரு தடவை பார்த்துவிட்டால் படிப்பு முடியும்வரை ஓடும்.

கோட்டம் எடுத்த பிறகும் சக்கரம் ஆடுகிறது. ஹப்பில் கரகரவென்று சத்தமும் வருகிறது.

ஹப்புக்குள் குண்டுகளை அடக்கிப் பிடிக்கும் கோன் லூஸாக இருக்கலாம், பால்ரஸ் என்னும் அந்த எஃகுக் குண்டுகள் தேய்ந்திருக்கலாம், ஆக்ஸில் வளைந்திருக்கலாம். ஆக்ஸிலை விரலால் சுற்றிப் பாருங்கள். வழுவழுவென்று ஓடாமல் மணல் அரைப்பது போல வந்தால் பிரித்துப் பார்க்க வேண்டியதுதான். பெரும்பாலான ஹப்புகளில் முன்னால் ஒரு பக்கத்துக்கு 10 பால்ரஸ், 3/16 இன்ச் அளவு. பின்னால் ஒரு பக்கத்துக்கு 9, கால் இன்ச் அளவு. சில ஹப்புகளில் மாறும், ஆகவே பழைய குண்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். தேய்ந்தவற்றோடு புதிதைக் கலக்க வேண்டாம். அளவு வித்தியாசப்பட்டால் பெரிய குண்டுகளே முழுப் பாரத்தையும் தாங்கும்.

மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, கோனைப் பாருங்கள். குண்டு ஓடும் தடத்தில் குழி விழுந்திருந்தால் புது பால்ரஸ் போட்டும் சத்தம் நிற்காது, கோனையும் மாற்றுங்கள். புது கிரீஸ் வைத்துப் பூட்டும்போது கோன் இறுக்கத்தில்தான் வேலையே இருக்கிறது. ஆட்டம் இருக்கக்கூடாது, பிடித்து நிற்கவும் கூடாது. சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தால் வால்வின் எடைக்கே மெதுவாகத் திரும்பிக் கீழே வந்து நிற்க வேண்டும்.

பின் ஆக்ஸில் திரும்பத் திரும்ப வளைகிறதா? ஃப்ரீவீல் (பின் பல்சக்கரம்) திருகி மாட்டும் ஹப்பில் வலப்பக்கத்து கோன் உள்ளே தள்ளி இருக்கும், அதற்கு வெளியே ஆக்ஸில் தாங்குதல் இல்லாமல் நீண்டு நிற்கும். பாரம் ஏற்றினால் அங்கேதான் வளையும், உடையும். வாங்கும்போதே கெட்டியான ஆக்ஸிலாகக் கேளுங்கள்.

வாரத்துக்கு ஒரு பஞ்சர் ஆகிறது. டயரை மாற்றிவிடலாமா?

மாற்றலாம், ஆனால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மாற்றினால் புது டயரிலும் அதே பஞ்சர்தான். இங்கே மூன்று எதிரிகள். சீமைக் கருவேல முள், நெருஞ்சி முள், அப்புறம் நெடுஞ்சாலை ஓரத்துக் கம்பி. முதலிரண்டும் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதுதான் திருட்டு எதிரி. வெடித்த லாரி டயர்களிலிருந்து தெறித்த, முடி போன்ற எஃகுக் கம்பித் துண்டுகள் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஓரம் முழுக்கக் கிடக்கும். அது டயரைத் துளைத்து உள்ளே நின்றுகொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, கையால் தடவினாலும் சட்டென்று சிக்காது. ஒட்டுப் போட்டு மாட்டிய டியூபை இரண்டு நாளில் மறுபடி குத்தும்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. டியூபை வெளியே எடுக்கும் முன்னால், டயரில் வால்வுக்கு நேராக ஒரு அடையாளம் வையுங்கள். தண்ணீரில் அமுக்கி ஓட்டையைக் கண்டதும், வால்விலிருந்து அது எத்தனை சாண் தள்ளி இருக்கிறது என்று அளந்து, டயரில் அதே தூரத்தில் இரண்டு பக்கமும் தேடுங்கள். ஒரு சின்னப் பஞ்சு உருண்டையை டயரின் உட்பக்கம் ஓட்டினால் முள்முனை பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். விரலால் தடவி ரத்தம் பார்க்க வேண்டியதில்லை.

ஓட்டை எங்கே விழுகிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். வெளிப்பக்கம் என்றால் முள் அல்லது கம்பி. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் காற்றுக் குறைவாக ஓட்டி, வேகத்தடையிலோ பள்ளத்திலோ டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது. உட்பக்கம், அதாவது ஹப்பைப் பார்த்த பக்கம் என்றால் ரிம் பட்டி (ரிம்முக்கும் டியூபுக்கும் நடுவில் போடும் நாடா) நகர்ந்து, கம்பி முனையோ நிப்பிள் பள்ளமோ குத்துகிறது. கம்பி முனை நிப்பிளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அரம் போட்டுத் தேய்த்துவிட்டு, பட்டியைப் புதிதாகப் போடுங்கள். கோட்டம் எடுத்த வாரத்திலேயே பஞ்சர் ஆனால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும். இறுக்கியதில் கம்பி மேலே ஏறியிருக்கும்.

பஞ்சரே இல்லை என்கிறார் கடைக்காரர். ஆனாலும் காலையில் காற்று இல்லை.

பழைய வகை வால்வாக இருந்தால் உள்ளே ஒரு சின்ன ரப்பர் குழாய் இருக்கும், வால் டியூப் என்று கேட்டு வாங்குவது. வெயிலில் அது இற்றுப்போகும். வால்வு வாயில் கொஞ்சம் எச்சில் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் அதுதான். மாற்ற ஒரு நிமிடம். இந்த ரப்பரில் இரண்டு துண்டு எப்போதும் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும்.

ஒட்டு நிற்பதே இல்லை. இரண்டே நாளில் பெயர்ந்து வருகிறது.

அவசரம்தான் காரணம். உப்புத்தாளால் ஒட்டு அளவைவிடக் கொஞ்சம் அகலமாகத் தேய்த்து, டியூபின் பளபளப்புப் போக வேண்டும். அச்சுக்கோடு குறுக்கே ஓடினால் அதையும் மட்டமாகத் தேயுங்கள், இல்லையென்றால் காற்று அந்த வழியே நழுவும். சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, ஈரம் போய் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருங்கள், ஐந்து நிமிடமாவது. ஈரத்தோடு வைத்தால் ஒட்டாது. சொல்யூஷன் காய தீக்குச்சி உரசிக் காட்டுகிறவர்களும் உண்டு. வேண்டாத வேலை. தேய்த்த இடத்தைக் கையால் தொடாதீர்கள்.

வால்வின் அடியிலேயே டியூப் கிழிகிறது. அங்கே ஒட்டுப் போடலாமா?

போட முடியாது. காற்றுக் குறைவாக ஓட்டும்போது டயர் ரிம்மின் மேல் மெல்ல மெல்ல நகர்கிறது, டியூபையும் இழுத்துக்கொண்டு போகிறது. வால்வு மட்டும் ஓட்டையில் மாட்டி நிற்கிறது. வால்வு சாய்ந்து நிற்பதைப் பார்த்தாலே இதுதான் என்று தெரிந்துகொள்ளலாம். சாய்ந்ததைக் கண்ட அன்றைக்கே காற்றை இறக்கி டயரை நகர்த்தி நேராக்கினால் டியூப் தப்பிக்கும்.

சித்திரை வெயிலில் நிறுத்தினால் டயர் வெடிக்குமா? காற்று எவ்வளவு வைக்கலாம்?

டயரின் ஓரத்தில் அளவு அச்சிட்டிருக்கும், அதுதான் வரம்பு. மலை சைக்கிள் மாதிரியான தடித்த டயருக்கு 35 முதல் 50 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை போதுமானது. 30 டிகிரியில் 45 பிஎஸ்ஐ வைத்த காற்று, டயர் 60 டிகிரிக்குச் சூடானால் 51 அளவுக்கு ஏறும். நல்ல டயர் அதற்கு வெடிக்காது. வெயிலில் "டமார்" என்று போனதில் பெரும்பாலும் வேறு கதை இருக்கும். டயர் ஓரம் நூல் தெரிய இற்றிருக்கும், அல்லது டயர் ரிம்மில் சரியாக உட்காராமல் டியூப் வெளியே பிதுங்கியிருக்கும். டயரின் ஓரத்தில் ரிம்மை ஒட்டி ஒரு கோடு ஓடும். அது சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிகிறதா என்று பார்த்துவிட்டே முழுக் காற்று அடியுங்கள்.

26 இன்ச் டயர் என்று கேட்டு வாங்கினேன், ரிம்மில் ஏறவே இல்லை.

26 என்ற எண்ணை நம்பவே நம்பாதீர்கள். 26×1⅜ என்று போட்டதும் 26×1.95 என்று போட்டதும் வேறு வேறு ரிம். டயர் ஓரத்தில் சின்ன எழுத்தில் இன்னொரு அளவு இருக்கும். முதலாவதில் 37-590 என்றும், இரண்டாவதில் 50-559 என்றும் பார்க்கலாம். பின்னால் வரும் மூன்று இலக்கம்தான் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம், மில்லிமீட்டரில். 590க்கும் 559க்கும் 31 மி.மீ. வித்தியாசம், எந்தக் கடப்பாறை போட்டாலும் ஏறாது. பள்ளிச் சைக்கிள், பெண்கள் சைக்கிள் வகைகளில் 590 அதிகம். மலை சைக்கிள் வகையில் 559. பழைய 28×1½ என்பது 635. வேடிக்கை என்னவென்றால், 29 என்று விற்பதும் 700சி என்று விற்பதும் ஒரே 622தான். கடையில் பழைய டயரைக் காட்டி அந்த மூன்று இலக்கத்தைச் சொல்லுங்கள், பேச்சு அதோடு முடியும்.

மழையில் பிரேக் சுத்தமாகப் பிடிப்பதில்லை.

ரிம் என்ன உலோகம்? பளபளவென்று மின்னும் குரோம் பூசிய இரும்பு ரிம் என்றால் நனைந்ததும் நிற்கும் தூரம் பல மடங்கு நீளும். அந்த வழுவழுப்பில் தண்ணீர் படலமாக நிற்கும், கட்டை வழுக்கும். கட்டையை எவ்வளவு மாற்றினாலும் ஓரளவுதான் தேறும். அலுமினிய ரிம் இதில் எவ்வளவோ மேல். காந்தம் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம்.

இரும்பு ரிம்தான் இருக்கிறது என்றால் மழையில் முன்கூட்டியே லேசாகப் பிரேக்கைத் தொட்டுப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொண்டே போங்கள். முதல் ஓரிரு சுற்று தண்ணீரை வழிப்பதற்கே போகும், அப்புறம்தான் பிடிக்கும். மழை ஓய்ந்த பிறகு செம்மண் சேறு ரிம்மில் காய்ந்திருக்கும். அதைத் துடைக்காமல் ஓட்டினால் கட்டையில் மணல் ஏறி, ரிம்மை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலையைச் செய்யும். கட்டையின் முகத்தில் பதிந்த கல், உலோகத் துணுக்குகளை ஊசியால் நோண்டி எடுங்கள். அலுமினிய ரிம்மின் பக்கவாட்டு முகம் விரலுக்குக் குழிவாகத் தட்டுப்பட்டால் அது தேய்ந்து மெலிந்துவிட்டது. அந்த ரிம் காற்றின் அழுத்தத்திலேயே பிளக்கக்கூடும், மேலே ஓட்டாதீர்கள்.

பிரேக் பிடித்தால் ஊரே திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கிறீச்சிடுகிறது.

கட்டையின் முகம் கண்ணாடி போல இறுகியிருந்தால் உப்புத்தாளால் தேய்த்து மேல் தோலை எடுங்கள். ரிம்மை சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். அப்படியும் சத்தம் போகவில்லை என்றால் கட்டையின் கோணத்தை மாற்ற வேண்டும். சைக்கிளின் முன்பக்கம் பார்த்த முனை முதலில் ரிம்மைத் தொட்டு, பின்முனை ஒரு மில்லிமீட்டர் விலகி இருக்க வேண்டும். பின்முனைக்கு அடியில் ஒரு பழைய அட்டைத் துண்டை வைத்து லிவரை அழுத்திப் பிடித்தபடி கட்டை நட்டை இறுக்குங்கள். அட்டையை உருவினால் கோணம் கிடைத்துவிடும்.

இதைச் செய்யும்போது இன்னொன்றையும் பாருங்கள். சில கட்டைகள் உலோகக் கூட்டில் செருகியவை, கூட்டின் ஒரு முனை திறந்திருக்கும். மூடிய முனை முன்பக்கம் இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் பிரேக் பிடிக்கும்போது ரிம் கட்டையை இழுத்து வெளியே தள்ளிவிடும். இறக்கத்தில் ஒரு கட்டை பறந்துபோனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பழைய கம்பி பிரேக் வண்டி. செயின் இறுக்கிய பிறகு பின் பிரேக் உரசுகிறது, ஏன்?

வயருக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கும் இந்தப் பிரேக்கில் கட்டை ரிம்மின் உட்பக்கத்தில், ஹப்பைப் பார்த்த முகத்தில் பிடிக்கிறது. செயின் இறுக்க ஆக்ஸிலைப் பின்னால் இழுத்தால், சக்கரத்தின் முன்பக்க ரிம்மும் பின்னால் வந்து கட்டையைத் தொடுகிறது. செயினைத் தொட்டால் பின் பிரேக் கம்பியின் நட்டையும் தொட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகையில் ரிம் இடவலமாக ஆடுவது அவ்வளவு தொல்லை தராது. மேலும் கீழும் ஏறி இறங்கினால்தான் ஒவ்வொரு சுற்றுக்கும் பிரேக் விட்டு விட்டுப் பிடிக்கும்.

லிவர் கைப்பிடியைத் தொடும்வரை வருகிறது. இன்னொரு வண்டியில் லிவர் திரும்பியே போவதில்லை.

முதலாவதற்கு, கட்டை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதில் வெட்டியிருக்கும் பள்ளக்கோடுகள் மறைந்துவிட்டால் மாற்ற வேண்டும். தேயவில்லை என்றால் லிவர் அருகிலோ பிரேக் அருகிலோ இருக்கும் சின்ன உருளைத் திருகை வெளியே திருப்பி வயரை இழுங்கள். அது முடிந்துவிட்டால் உள்ளே திருப்பிவிட்டு, வயர் பிடிக்கும் போல்ட்டைத் தளர்த்தி, வயரை இழுத்துப் பிடித்து இறுக்குங்கள். இறுக்கிய பிறகு முழு பலத்தோடு லிவரைப் பல தடவை அழுத்திப் பாருங்கள். வயர் நழுவுவதானால் வீட்டு வாசலிலேயே நழுவட்டும்.

இரண்டாவது, உறைக்குள் துரு. எண்ணெய் விட்டால் கொஞ்ச நாள் ஓடும். வயரில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் உறையோடு சேர்த்து மாற்றுங்கள். இழைகள் பெரும்பாலும் லிவருக்குள் வயர் முனைக் குண்டு உட்காரும் இடத்தில்தான் அறும். லிவரை முழுக்க அழுத்தி உள்ளே எட்டிப் பார்த்தால் தெரியும்.

பவர் பிரேக்கில் ஒரு கை மட்டும் நகர்கிறது, மறு கை ரிம்மிலேயே ஒட்டி நிற்கிறது.

ரிம்மின் இரு பக்கமும் கட்டையைத் தாங்கி நிற்கும் இரண்டு கைகளின் அடியிலும் ஒரு சின்னத் திருகு இருக்கும். ஒட்டி நிற்கும் கையின் திருகை உள்ளே திருப்பினால் அந்த ஸ்பிரிங் இறுகிக் கை விலகும். ஆனால் சக்கரம் நடுவில் நிற்கிறதா என்று பார்த்த பிறகு இதைச் செய்யுங்கள். இல்லையென்றால் சாய்ந்த சக்கரத்துக்கு ஏற்ப பிரேக்கைச் சாய்ப்பதாக ஆகிவிடும்.

டிஸ்க் பிரேக் உரசுகிறது, சில சமயம் பிடிப்பதே இல்லை.

உரசினால், சக்கர நடுவிலுள்ள தகட்டைப் பிடிக்கும் பேடுகள் இருக்கும் காலிப்பரைத் தாங்கும் இரண்டு போல்ட்டையும் கொஞ்சம் தளர்த்தி, லிவரை அழுத்திப் பிடித்தபடியே போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்குங்கள். பெரும்பாலும் காலிப்பர் தானாக நடுவுக்கு வந்துவிடும். வயர் டிஸ்க்கில் பெரும்பாலும் ஒரு பேட் மட்டுமே நகரும். நகராத பேடைத் திருகித் தகட்டுக்கு ஒட்டினாற்போல வைத்துவிட்டு, அப்புறம் வயரைச் சரிசெய்ய வேண்டும். வரிசை மாறினால் தகடு ஒவ்வொரு முறையும் வளைந்து கொடுக்கும்.

பிடிக்காவிட்டால் எண்ணெய் பட்டிருக்கும் என்று சந்தேகப்படுங்கள். செயினுக்கு ஸ்பிரே அடித்தது தகட்டில் தெளித்தால் போதும், பேட் குடித்துவிடும். தகட்டை ஸ்பிரிட்டால் துடைக்கலாம். எண்ணெய் ஊறிய பேடை மாற்றுவதே மேல். புது பேட் போட்டதும் வெறும் சாலையில் ஓட்டி, முழுதாக நிறுத்தாமல் இருபது முறை வேகத்தைக் குறைத்துப் பழக்குங்கள், அதுவரை முழுப் பிடிப்பு வராது. எண்ணெயில் இயங்கும் டிஸ்க் என்றால் எந்தத் திரவம் என்று தெரியாமல் ஊற்றக்கூடாது. ஷிமானோ வகைகளுக்கு மினரல் ஆயில். அதில் மோட்டார் சைக்கிள் பிரேக் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெடும்.

பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறக்கத்தில் இறங்கும்போது பிரேக்கை எப்படிப் பயன்படுத்துவது? முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோமா?

முன் பிரேக்கைத் தொடவே கூடாது என்று சொல்லிக்கொடுத்துதான் பலரைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது, முன் சக்கரம் தரையை இறுக்கமாகப் பிடிக்கிறது, பின் சக்கரம் லேசாகிறது. அதனால் காய்ந்த சாலையில் நிறுத்தும் சக்தி முன் பிரேக்கில்தான் அதிகம். வெறும் பின் பிரேக்கை நம்பினால் சக்கரம் நின்று சறுக்கும், வண்டி நிற்காது. விழுவது திடீரென்று முன் பிரேக்கைப் பிடுங்கியவர்கள். படிப்படியாக அழுத்தி, கைகளை ஊன்றி, உடம்பைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் பயமில்லை. மணல் பரவிய வளைவிலும் ஈரத்திலும் மட்டும் முன் பிரேக்கை மிகவும் மென்மையாகக் கையாளுங்கள்.

ஒகேனக்கல் இறக்கமானாலும் வத்தல்மலை வளைவுகளானாலும், மேலிருந்து கீழ்வரை லிவரைப் பிடித்துக்கொண்டே வரக்கூடாது. ரிம் சூடேறும், அந்தச் சூடு உள்ளிருக்கும் டியூபுக்குப் போகும். பின்னால் ஆள் ஏற்றிய வண்டி என்றால் இன்னும் வேகமாகச் சூடேறும், டியூப் வெடித்த கதைகளும் உண்டு. வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், நேர் சாலையில் விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில் காற்று ரிம்மைக் குளிரவைக்கும். நடுவில் நின்று பார்ப்பதும் நல்லது, ஆனால் யானை நடமாட்டம் உள்ள காட்டுப் பகுதியில் இடம் பார்த்து நில்லுங்கள். நின்றதும் டிஸ்க் தகட்டைத் தொட்டுப் பார்க்காதீர்கள், கை பொத்துப்போகும். குளிரட்டும் என்று தண்ணீரும் ஊற்றாதீர்கள், தகடு வளையும். தொப்பூர் கணவாய்ப் பக்கம் லாரிகளோடு சைக்கிளில் இறங்குவதைப் பற்றிக் கேட்டால், வேண்டாம் என்பதுதான் என் பதில். அங்கே உங்கள் பிரேக் நன்றாக இருந்து பயனில்லை.

சத்தம் வருகிற இடத்தில் எல்லாம் தேங்காய் எண்ணெய் விடலாமா?

விடாதீர்கள். நாளானால் பிசின் மாதிரி ஆகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். ஹப்பில் எண்ணெய் விடும் துளை இருந்தால் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். அதிகம் விட்டால் சக்கரம் சுற்றும்போது கம்பி வழியே வழிந்து ரிம்முக்கு வந்து சேரும், மறுநாள் பிரேக் பிடிக்கவில்லை என்று தேட ஆரம்பிப்பீர்கள்.

கம்பி பிரேக்கை எடுத்துவிட்டு வயர் பிரேக் போடலாமா?

ரிம்மைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கம்பி பிரேக்குக்கான ரிம் பலவற்றில் பக்கவாட்டு ஓரம் உருண்டிருக்கும், வயர் பிரேக்கின் கட்டைக்குப் பிடிக்க மட்டமான இடம் இருக்காது. அதில் வயர் பிரேக் மாட்டினால் கட்டை பாதி டயரையும் பாதி ரிம்மையும் தேய்க்கும், டயர் ஓரம் சீக்கிரம் கிழியும். பக்கவாட்டில் ஒரு விரல் அகலத்துக்குத் தட்டையான பட்டை ஓடினால் மாற்றலாம். அது இல்லையென்றால் ரிம்மையும் மாற்றித்தான் ஆக வேண்டும். அப்போது 28×1½ டயரையே வைத்துக்கொள்ள நினைத்தால், தட்டையான ஓரம் உள்ள 635 அளவு ரிம், முன்னால் 32 ஓட்டை, பின்னால் 40 ஓட்டை என்று சொல்லிக் கேளுங்கள். பழைய ஹப்பிலேயே கட்டிக்கொள்ளலாம்.